வெண்கலக் கடைக்குள் யானை: நொய்பௌட்டன் தொகுப்புகளைக் கேட்பவர்கள் செய்யும் தவறுகள்

காரைக்குடி வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தில், நான் முதன்முதலாக நொய்பௌட்டன் ஆல்பம் ஒன்றை ஓட விட்டபோது ஆயா எட்டிப் பார்த்துக் கேட்டார்: "என்னப்பா இது, வெண்கலக் கடைக்குள்ள யானை பூந்த மாதிரி?" திட்டத்தான் சொன்னார். ஆனால் பெர்லினின் ஐன்ஷ்டூர்ட்சென்டே நொய்பௌட்டன் இசைக்குழுவைப் பற்றி அதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பழைய இரும்பு, துளைபோடும் மெஷின், ஸ்பிரிங், தகரம் இவைதான் அவர்களுடைய வாத்தியங்கள்.

1984 முதல் 2010 வரை இவர்கள் 'கட்டடக் கலைக்கு எதிரான உத்திகள்' என்று பொருள்படும் ஒரே தலைப்பில் நான்கு தொகுப்புகள் வெளியிட்டார்கள். முதலாவது 1980 முதல் 83 வரை செய்தவற்றின் தொகுப்பு. மற்றவை 1991, 2001, 2010 ஆண்டுகளில் வந்தன. புதிதாகக் கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறார்கள், இங்கேயேதான் தடுக்கியும் விழுகிறார்கள்.

பெரிய தவறு, தொகுப்பு என்றதும் 'ஹிட் பாடல்கள்' என்று நினைப்பது. வெற்று கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்து, கடையில் பதிந்து வாங்கிய தலைமுறை நாம். நமக்குத் தொகுப்பு என்றால் பிடித்த பாட்டெல்லாம் ஓரிடத்தில் இருக்க வேண்டும். இது அப்படியல்ல. இடிக்கிற வீட்டிலிருந்து தேக்குத் தூண், கதவு நிலை, எனாமல் கூஜா என்று எடுத்து முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் அடுக்கி வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. முதல் தொகுப்பில் 'எஃகு வடிவம்' என்று பொருள்படும் பெயரில் ஒரு துண்டு இருக்கிறது. 1980இல் ஒரு நெடுஞ்சாலைப் பாலத்தின் உட்கூட்டுக்குள் போய்ப் பதிந்தது. அதில் மெட்டைத் தேடினால் ஏமாற்றம்தான். பாலத்தின் வயிறு எப்படி அதிர்கிறது என்று கேட்க வேண்டும்.

பெயரை வைத்து ஏமாறுவது இன்னொன்று. 'இடிந்து விழும் புதுக் கட்டடங்கள்' என்பது குழுவின் பெயருக்குப் பொருள். எங்கள் ஊர்க்காரர்கள் இதைக் கேட்டதும், "இங்கே பழைய வீடுகள்தானே விழுகின்றன" என்று சிரிப்பார்கள். ஜெர்மானியர்கள் 'புதுக் கட்டடம்' என்று சொல்வது பெரும்பாலும் உலகப் போருக்குப் பிறகு எழுந்த கட்டடங்களை. பெர்லின் காங்கிரஸ் (மாநாட்டு) மண்டபத்தின் கூரை சரிந்ததைப் பார்த்துத்தான் பெயர் வைத்தார்கள் என்று எழுதுகிறவர்களும் உண்டு. கூரை விழுந்தது 1980 மே 21. குழு மேடை ஏறியது ஏப்ரல் 1. பெயர்தான் முந்தியது.

தலைப்பை நம்பி இதைவிட மோசமாக ஏமாற வேண்டுமென்றால் லண்டனுக்குப் போக வேண்டும். த்ராபிங் கிரிசில் குழுவின் '20 ஜாஸ் ஃபங்க் கிரேட்ஸ்' 1979இல் வந்தது. அதில் இருப்பது இருபது பாட்டு அல்ல, பதினொன்று. ஜாஸும் இல்லை, ஃபங்க்கும் இல்லை, அது தொகுப்பே இல்லை. அட்டையில் அழகான கடலோரக் குன்று. தற்கொலைகளுக்குப் பேர்போன இடம் அது. இந்த வகை இசைக்கு 'இண்டஸ்ட்ரியல்' என்ற பெயரும் அவர்கள் 1976இல் தொடங்கிய இசைத்தட்டு லேபிளின் பெயரிலிருந்து வந்ததுதான். அதனால் தொழிற்சாலைச் சத்தம் இருந்தால்தான் இண்டஸ்ட்ரியல் என்று வாதாட வேண்டாம்.

எங்கே கேட்பது என்பதில் நம் பக்கத்து வீடுகளுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. கீழே ஆத்தங்குடிக் கல், சுவரில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கண்ணாடி மாதிரி தேய்த்த சுண்ணாம்புப் பூச்சு. எதுவும் சத்தத்தை உறிஞ்சாது, எல்லாம் திருப்பி அடிக்கும். நாகஸ்வரத்துக்கு அது கம்பீரம் கூட்டும். எஃகில் விழும் அடி அப்படியல்ல, சுருக்கென்று வந்து சுருக்கென்று போக வேண்டும். பட்டாலையில், அதாவது வீட்டின் பெரிய கூடத்தில், போட்டால் முதல் அடியின் எதிரொலி அடங்குவதற்குள் அடுத்த அடி விழுந்து எல்லாம் ஒரே கூழாகிவிடும். மெத்தையும் தலையணையும் அடுக்கியிருக்கும் உள்ளறைக்குப் போய்விடுங்கள். வேறு வழியில்லையா, ஜமக்காளத்தை விரித்து, சுவரோரம் இரண்டு மெத்தையைச் சாய்த்து வையுங்கள். போன் ஸ்பீக்கர் மட்டும் வேண்டாம், அதில் அடி ஒலி பாதி காணாமல் போகும்.

ஹெட்போன் என்றால் கொஞ்சம் கவனம். பல இடங்களில் பல விதமாகப் பதிந்தவை என்பதால் ஒலி அளவு சீராக இருக்காது. முனகல் காதில் விழவில்லையே என்று கூட்டி வைத்தால் அடுத்த பாட்டு செவிப்பறையில் வந்து இறங்கும். 85 டெசிபெல் என்றால் எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது வழக்கமான கணக்கு. மூன்று டெசிபெல் ஏற ஏற நேரம் பாதியாகும். 100 டெசிபெலில் கால் மணி நேரம்தான்.

வரிசை முறைப்படி முதல் தொகுப்பில்தான் தொடங்க வேண்டுமா? வேண்டாம் என்பேன். அதுதான் இருப்பதிலேயே முரடு. மூன்றாவதில் தொடங்குங்கள், அங்கே குழு நிதானத்துக்கு வந்திருக்கும், மௌனத்தையும் வாத்தியமாக்கியிருப்பார்கள். அது பிடித்த பிறகு முதலாவதற்குப் போனால், அந்தச் சத்தத்துக்குள்ளும் கணக்கு இருப்பது தெரியும்.

அப்புறம், கேட்ட வேகத்தில் நாமும் எதையாவது அடித்துப் பார்க்கலாம் என்று கை துறுதுறுக்கும். எனக்கும் துறுதுறுத்தது. பழைய பொருள் கடையில் வாங்கிய வெண்கல உருளியைக் கவிழ்த்துச் சுத்தியலால் ஒரு போடு போட்டேன். முதல் அடிக்குக் கோயில் மணி, இரண்டாவது அடிக்கு ஓட்டைப் பானை. வெண்கலத்தில் வெள்ளீயம் நிறையச் சேர்வதால்தான் அப்படி நாதம் வருகிறது, அதனால்தான் அடி தாங்காமல் விரிசலும் விடுகிறது. லாரிப் பட்டறைகளில் கழித்துப் போட்ட ஸ்பிரிங் பட்டை எடைக்குக் கிடைக்கும். கயிற்றில் தொங்கவிட்டு அடித்தால் நன்றாகப் பாடும், உடையவும் உடையாது. உருளியை ஆயா வாங்கிக்கொண்டு போய் மண் போட்டுத் துளசி வைத்துவிட்டார்.