செதுக்கி அச்செடுக்கும் கலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு லட்சுமி படம் தொங்குகிறது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்தில், லயத்து வீட்டுச் சுவரில் பல வருடம் இருந்த படம். தோட்டம் கித்தாவிலிருந்து (ரப்பரிலிருந்து) செம்பனைக்கு மாறியபோது எங்களோடு டவுனுக்கு வந்தது. கொள்ளுப்பாட்டி ஊரிலிருந்து கப்பலேறியபோது தகரப் பெட்டியில் சேலைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தது என்பார் அப்பா. அதன் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருந்ததாம். இன்று இல்லை. சட்டம் மாற்றக் கொடுத்த இடத்தில், அளவுக்குப் பொருந்தவில்லை என்று ஓரத்தை வெட்டிவிட்டார்கள். வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ‘பிரிண்டுதானே’ என்று விட்டுவிட்டோம்.

இப்போது நான் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு லினோ என்ற தரை விரிப்புத் துண்டைச் செதுக்கி அச்செடுக்கக் கற்றுக்கொடுக்கிறேன். பிள்ளைகளை அழைத்துப்போக வரும் பெற்றோர் வாயிலும் அதே சொல்தான். இந்தக் கலையைப் பற்றி நாம் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் அந்த ‘தானே’யில் தொடங்குகிறது.

ஓர் ஓவியத்தைப் படம்பிடித்து மெஷினில் ஆயிரம் அடித்தால் அது நகல். ஓவியர் மரப்பலகையிலோ செப்புத் தகட்டிலோ இடவலம் மாற்றிச் செதுக்கி, மை தடவி, தாளை வைத்து அழுத்தி எடுப்பது வேறு சங்கதி. தாளில் விழும்வரை அந்தப் படம் உலகில் எங்குமே இல்லை. பலகையில் இருப்பது மேடும் பள்ளமும் மட்டும். முப்பது தாளில் எடுத்தால் முப்பதும் மூலம்தான். ஒரே தட்டில் வெந்த இட்லிகளில் எது அசல், எது நகல் என்று யாரும் கேட்பதில்லை.

கையில் இருப்பது எந்த வகை என்று பார்க்க ஒரு சாதாரண பூதக்கண்ணாடி போதும். புள்ளிகள் எண்ணிவைத்தாற்போல் வரிசை பிசகாமல் நின்றால் அது படம்பிடித்து அடித்த பிரதி. புள்ளியும் கோடும் ஒழுங்கற்று, கை நடமாட்டத்தோடு இருந்தால் நின்று பாருங்கள். ரவி வர்மா படங்கள் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பவை. அவர் 1894இல் பம்பாயில் கல்லச்சுக் கூடம் தொடங்கினார். அவருடைய எண்ணெய் ஓவியத்தைப் பார்த்து, கைவினைஞர்கள் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல்லில் தனித்தனியாக வரைந்தார்கள். தாள் ஒவ்வொரு கல்லாக ஏறி இறங்கி நிறம் வாங்கியது. அதை ‘ரவி வர்மா கையால் வரைந்தது’ என்று சொல்வதும் தவறு, ‘வெறும் மெஷின் வேலை’ என்று தள்ளுவதும் தவறு.

அடுத்த தவறு, எல்லா அச்சையும் ‘செதுக்கல்’ என்ற ஒரே மூட்டையில் கட்டுவது. இதைப் பிரித்துச் சொல்லத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு என்னிடம் சுலபமான வழி இருக்கிறது. வீட்டில் யாராவது ஒருவர் பால்மரம் வெட்டியிருப்பார்.

உளி பட்டையில் சாய்வாக ஒரு கோடு கீறுகிறது. பால் எங்கே ஓடுகிறது? கீறிய பள்ளத்தில். செப்புத் தகட்டுச் செதுக்கலும் அப்படித்தான். கோடு வெட்டி, தகடு முழுக்க மை பூசி, மேற்பரப்பைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிடுவார்கள். மை பள்ளத்தில் மட்டும் தங்கும். நனைத்த தாளை மேலே வைத்து, இரண்டு உருளைகளுக்கு நடுவே அழுத்தித் தள்ளினால் தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை அள்ளிக்கொண்டு வரும். தோட்டத்தில் கட்டிப்பாலை ஷீட்டாக்க ரோலரில் கொடுத்தவர்களுக்கு அந்த அழுத்தம் எப்படிப்பட்டது என்று நான் சொல்லவேண்டியதில்லை. கோடு போட்ட ரோலரில் நுழைந்த ஷீட் வரிவரியாக வெளியே வருவதும் ஒரு பதிவுதான்.

மரச்செதுக்கு நேர் எதிர். அங்கே வெட்டி எடுத்தது வெள்ளையாகும், விட்டுவைத்தது கறுப்பாகும். அலுவலக ரப்பர் முத்திரை இந்த வகை. கல்லச்சில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதுதான் அதன் சூட்சுமம். கொழுப்புள்ள மையால் சுண்ணாம்புக் கல்லில் வரைந்து கல்லை நனைத்தால், அச்சு மை வரைந்த இடத்தில் மட்டும் பிடிக்கும். அலோய்ஸ் செனஃபெல்டர் 1796இல் ஜெர்மனியின் பவேரியாவில் கண்டுபிடித்த முறை இது.

பள்ள அச்சை விரலால் தெரிந்துகொள்ளலாம். ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) நோட்டில் மாமன்னர் படத்தின்மேல் விரலை மெதுவாக ஓட்டுங்கள். மை மேலெழும்பி நெரடும். ஐந்நூறு வருடங்களுக்கு முந்தைய தட்டார் வேலையின் வாரிசு நம் சட்டைப்பையில் இருக்கிறது. தட்டார் வேலை என்று சும்மா சொல்லவில்லை. ஐரோப்பாவில் தகட்டுச் செதுக்கல் 15ஆம் நூற்றாண்டில் பொற்கொல்லர் பட்டறைகளில்தான் வளர்ந்தது. நியூரம்பெர்க்கில் பிறந்த ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் (1471–1528) பொற்கொல்லரின் மகன், அப்பாவிடமே முதலில் தொழில் பழகியவர். அமிலத்தால் கோட்டை அரிக்கும் முறையோ போர்க்கவசங்களுக்குப் பூவேலை செய்தவர்களிடமிருந்து வந்தது. ஆக்ஸ்பர்கைச் சேர்ந்த டேனியல் ஹாப்ஃபர் 1500ஐ ஒட்டிய வருடங்களில் அதைத் தாளுக்குக் கொண்டுவந்தார். தகட்டில் மெழுகுப் பூச்சு பூசி, ஊசியால் மெழுகை மட்டும் கீறி, அமிலத்தில் இடுவார்கள். கையின் பலத்துக்குப் பதில் அமிலம் வெட்டுகிறது. அதனால்தான் அந்தக் கோடுகள் பேனாக் கையெழுத்துபோல் தளர்ந்து ஓடுகின்றன. செதுக்கு உளியின் கோடு ஊசியாகத் தொடங்கி, பருத்து, மறுபடி ஊசியாக முடியும். இந்த வித்தியாசத்தை ஒருமுறை கண்ணில் பிடித்துவிட்டால் பிறகு தவறவே தவறாது.

மூன்றாவது ஒன்றும் உண்டு: அமிலமே இல்லாமல் கூரான ஊசியால் தகட்டை நேராகக் கீறுவது. கீறும்போது கோட்டின் ஓரத்தில் செம்பு பிசிறாக எழும்பும். அந்தப் பிசிறு மையைப் பிடித்துவைத்து, அச்சில் வெல்வெட்டுபோல் மெத்தென்ற கருமை தரும். ஆனால் ஒவ்வொரு அழுத்தத்திலும் அது நசுங்கும். சில டஜன் தாள்களுக்குள் செழிப்புப் போய்விடும். ‘ஒரே தகடு, எல்லாம் ஒரேமாதிரிதான் இருக்கும்’ என்ற நினைப்பு இங்கே உடைகிறது.

அதை உடைத்துக் காட்டியவர்களில் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட்டுக்கு நிகர் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. 1653இல் ‘மூன்று சிலுவைகள்’ என்ற தகட்டை இப்படிக் கீறித்தான் செய்தார். முதல் பதிவுகளில் மேலிருந்து ஒளி கொட்டுகிறது, கூட்டத்தில் ஒவ்வொரு முகமும் தெரிகிறது. தகடு தேய்ந்த பிறகு அதையே சுரண்டி மறுபடி கீறினார். ஆட்கள் மறைந்தார்கள், புதியவர்கள் வந்தார்கள், இருள் திரைபோல் இறங்கிவிட்டது. ஒரே செம்புத் துண்டில் பகலும் இரவும். அவர் 1669இல் இறந்த பிறகும் அவருடைய தகடுகள் பல கைமாறி, வேறு ஆட்களால் அச்சடிக்கப்பட்டன. எனவே ‘ரெம்பிராண்ட்டின் தகடு’ என்று யாராவது சொன்னால், எந்தக் காலத்தில், யார் கையால் எடுத்த பதிவு என்று கேட்காமல் பணத்தை நீட்டாதீர்கள்.

எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. பென்சிலில் 5/30 என்று போட்டிருந்தால், முப்பதில் ஐந்தாவது என்று பொருள். அந்த எண் இல்லாவிட்டால் போலி என்று முடிவுகட்டுவது தவறு. எண் போடுவதும் பென்சில் கையொப்பமும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் பிறகு பரவிய வழக்கங்கள். டியூரர் தகட்டிலேயே ஏ, டி என்ற இரண்டு எழுத்தைப் பின்னிச் செதுக்கினார். இத்தாலியில் மார்க்கந்தோனியோ ரைமோந்தி அந்த முத்திரையையும் சேர்த்தே அவருடைய மரச்செதுக்குகளைச் செம்பில் நகலெடுத்தார். ஆக, முத்திரை மட்டும் சாட்சி ஆகாது.

பழைய அச்சு என்றால் அதில் இருப்பதெல்லாம் கண்ணால் கண்டது என்று எடுத்துக்கொள்வதும் சரியில்லை. 1515இல் குஜராத்திலிருந்து ஒரு காண்டாமிருகம் லிஸ்பனில் போய் இறங்கியது. டியூரர் அதைப் பார்த்ததே இல்லை. ஒரு கடிதத்தையும் கோட்டுப்படத்தையும் வைத்து வரைந்து மரச்செதுக்காக்கினார். கவசத் தகடு போர்த்தியதுபோல் ஓர் உடல், தோளில் இல்லாத கொம்பு ஒன்று. ஐரோப்பா பல தலைமுறைகளாக அந்த இந்திய விலங்கை அப்படியேதான் நம்பியது.

இனி வரலாறு சொல்லும்போது நேரும் தவறு. மரம் போய்ச் செம்பு வந்தது, செம்பு போய்க் கல் வந்தது என்று ஏணிப்படி மாதிரி ஒப்பிப்பது. அதையும் ஐரோப்பாவில் தொடங்குவது. தேதி பொறித்த அச்சு நூல்களில் இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழையது கி.பி. 868இல் சீனத்தில் மரப்பலகையால் அச்சான வஜ்ர சூத்திரம். அதன் முகப்பில் புத்தர் போதிக்கும் படமும் மரச்செதுக்குதான். ஜப்பானில் ஹொகுசாய் 1831ஐ ஒட்டி வெளியிட்ட பேரலைப் படம், செம்பும் கல்லும் வந்து வெகுகாலம் கழித்து மரத்திலிருந்து பிறந்தது. அதிலும் வரைந்தவர் ஒருவர், பலகையைச் செதுக்கியவர் வேறு, அச்செடுத்தவர் வேறு, முதல் போட்டவர் வேறு. ஒற்றை மேதையின் தனி வேலை என்ற எண்ணம் இந்தக் கலையில் பல இடங்களில் பொருந்தாது.

மரச்செதுக்கு மடியாததற்கு ஒரு காரணம் காசு. பலகை மலிவு, கத்தி மலிவு, கரண்டியின் முதுகால் தேய்த்தாலே பதிவு விழும். 1931இல் எழுத்தாளர் லூ சுன் ஷாங்ஹாயில் இளைஞர்களுக்கு மரச்செதுக்குப் பயிற்சி நடத்தினார். நெசவாளர், விவசாயி போராட்டங்களை அச்சில் வடித்த ஜெர்மானியர் கேத்தே கொல்விட்ஸை அவர்களுக்கு அறிமுகப்படுத்தியவரும் அவரே. அந்த அலை மலாயாவின் சீன ஓவியர்களையும் தொட்டது. 1943 வங்கப் பஞ்சத்தை வரைந்த சித்தபிரசாத் லினோவை எடுத்தார். கிள்ளானில் பிறந்த லோங் தியென் ஷி பாரிசில் ‘அதெலியர் 17’ பட்டறையில் பயின்றார். அதே பட்டறையில் ஒரே தகட்டில் பல நிற மைகளை அவற்றின் பிசுபிசுப்பு வேறுபாட்டால் பிரித்தடிக்கும் முறையை வளர்த்த கிருஷ்ணா ரெட்டி, அதற்கு முன் சென்னை கலாக்ஷேத்திராவில் கற்பித்தவர். சபாவின் ரானாவில் 2010இல் உருவான பாங்ரோக் சுலாப் குழுவினர் கதவளவு பலகைகளைச் செதுக்கி, பாட்டோடு ஆடி, காலால் மிதித்தே அச்செடுக்கிறார்கள். பிரெஸ் வாங்க வசதியில்லை என்று சொல்லும் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது அவர்கள் வேலையைத்தான்.

வகுப்பில் தவறாமல் நடக்கும் தவறு எழுத்து. போன மாதம் ஒரு சிறுவன் அழுகை முட்டிக்கொண்டு வந்தான். “டீச்சர், என் பேரு திரும்பிப்போச்சு!” கோபி என்ற பெயரை நேராகச் செதுக்கிவிட்டான். தாளில் காலும் கொம்பும் இடம் மாறி, ப மட்டும் ஏறக்குறைய அப்படியே நின்றது. மெல்லிய தாளில் எழுதி, திருப்பிப்போட்டு, பின்புறத்துக் கோட்டை லினோவில் பதித்துவிட்டுச் செதுக்குவதுதான் வழி. கண்ணாடியில் பார்த்துச் சரிபார்க்கலாம்.

ஆழமாக வெட்டினால் நல்லது என்ற எண்ணமும் வேண்டாம். “ஆழம் போனா மரம் கெட்டுப்போகும், பால் அதிகமா வராது” என்பார் அப்பா. லினோவும் அப்படித்தான். மேலும், கோட்டின் சுவரை உள்வாட்டமாகக் குடையக்கூடாது. அடி மெலிந்த கோடு அழுத்தத்தில் பிய்ந்துவிடும். அடி பரந்திருக்கும்படி சரிவாக வெட்டுங்கள். லினோ ஆளிவிதை எண்ணெயும் தக்கைத் தூளும் சேர்ந்த தரை விரிப்பு, பிளாஸ்டிக் அல்ல. கடினமாக இருந்தால் கொஞ்சம் வெயிலில் வைத்தால் இளகும். பிடிக்கும் கை எப்போதும் கத்திக்குப் பின்னால் இருக்கட்டும். மை கூடினால் நுண்கோடு அடைந்துபோகும். இரண்டு மெல்லிய பூச்சு, ஒரு தடித்த பூச்சைவிட மேல்.

பாதுகாப்பு விஷயத்தில் நம் ஊர் ஈரம்தான் முதல் எதிரி. லேமினேட் செய்தால் படம் தப்பிக்கும் என்று பலர் நம்புகிறார்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்கவே முடியாது. செல்லோடேப்பின் பசை காலப்போக்கில் பழுப்பாகித் தாளுக்குள் இறங்கும். கண்ணாடி தாளைத் தொட்டுக்கொண்டு இருந்தால் வேர்வை கோத்துப் பூஞ்சை பிடிக்கும். நடுவே அமிலமில்லாத அட்டை விளிம்பு வேண்டும். ஈரத்துணியால் துடைக்கவே துடைக்காதீர்கள். சாமிப் படமாக இருந்தால் பொட்டைக் கண்ணாடிமேல் வையுங்கள். விளக்குப் புகை நேராக ஏறும் இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி மாட்டுங்கள். ஓரத்தில் தகட்டின் அழுத்தத் தடம், அச்சகத்தின் பெயர், பென்சில் எண் எது இருந்தாலும் கத்தி படக்கூடாது. சட்டம் போடக் கொடுக்கும்போது, ‘படத்துக்கேற்ப சட்டம்’ என்று வாயால் சொல்லி, ரசீதிலும் எழுதி வாங்குங்கள்.

எங்கள் லட்சுமியைச் சென்ற வருடம் ஜன்னல் வெயில் படாத சுவருக்கு மாற்றினோம். புதிய சட்டத்தில் கீழ்ப்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு வெற்றுத் தாள் வைக்கச் சொன்னேன். அங்கேதான் அந்தப் பெயர் இருந்தது.