கையடக்கக் கணினிக்கு 18650 பற்றரி: வன்னியில் தேடி வாங்கும் முறை

யூகொன்சோல், டெவ்ரேர்ம் போன்ற கையடக்கக் கணினியை வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தால் பெட்டிக்குள் பற்றரி வராது. 18650 எனப்படும் உருளை வடிவ லித்தியம் அயன் செல் இரண்டை நாமே தேடிப் போடவேண்டும். தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயன் பற்றரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் முதல் தடை. சரக்கு விமானத்தில் போவதானாலும் 30 வீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக்கூடாது. ஆகவே தபாலில் எடுப்பிப்பது கரைச்சல். மிச்சமிருப்பவை மூன்று வழிகள்: இங்குள்ள கடை, ஊருக்கு வரும் உறவினரின் கைப்பை, பழைய மடிக்கணினிப் பற்றரி.

கடைக்குப் போகுமுன் சில எண்களை மனதில் வைத்திருங்கள். 18650 என்றால் விட்டம் 18, நீளம் 65 மில்லிமீற்றர். பெயரளவு வோல்ற் 3.6 அல்லது 3.7, முழு சார்ஜில் 4.2. நம்பி வாங்கக்கூடிய செல்களின் கொள்ளளவு பெரும்பாலும் 2000 முதல் 3500 எம்ஏஎச் (மில்லிஅம்பியர் மணி) வரை. சம்சுங் 35ஈ, எல்ஜி எம்ஜே1 இரண்டும் 3500. பனசொனிக் என்சிஆர்18650பி 3400க்குக் கிட்ட. கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் ரோச் லைற்றோடு தொங்கும் செல்லில் 6800, 9900 என்று அச்சடித்திருந்தால் விலை கேட்கவே தேவையில்லை. அந்த அளவுக்குள் அவ்வளவு மின்னை அடைக்க எவராலும் முடியாது.

எழுத்தை விட எடை உண்மை பேசும். நல்ல 3500 செல் 47 முதல் 50 கிராம் வரை இருக்கும். 2600 செல் 45 கிராம் அளவில். 40க்குக் கீழே போனால் உள்ளே சின்னச் செல்லொன்றை வைத்து மீதியை எதையாவது போட்டு நிரப்பியிருக்கலாம். நகைக்கடைத் தராசில் ஒரு நிமிட வேலை.

சோலார் தோட்ட விளக்குகளுக்குள் இதே அளவில் 3.2 வோல்ற் என்று எழுதிய செல் இருக்கும். அது இரும்பு பொஸ்பேற் வகை. முழு சார்ஜே 3.65 வோல்ற்தான். 4.2 வரை ஏற்றும் கணினியில் அதைப் போடக்கூடாது.

கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ யாராவது வருவதாக இருந்தால் அதுவே நல்ல வழி. 3500 செல் ஒன்று 12.6 வாற் மணி. கைப்பையில் அனுமதிக்கும் எல்லை பற்றரி ஒன்றுக்கு 100. பெட்டியில் போட்டு ஏற்ற முடியாது, கைப்பையில்தான் வரவேண்டும். ஒவ்வொரு செல்லும் தனித்தனி பிளாஸ்ரிக் உறையில், அல்லது முனைகளில் ரேப் ஒட்டியபடி. தனிச் செல்லைச் சில்லறையாக விற்பதைச் சம்சுங், எல்ஜி போன்ற தயாரிப்பாளர்களே விரும்புவதில்லை. அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணைக்குழுவும் 2021இல் இதுபற்றி எச்சரித்தது. அதனால் நைட்கோர், ஃபீனிக்ஸ் போன்ற ரோச் தயாரிப்பாளர்கள் தம் பெயரில் விற்கும் பாதுகாப்பு மின்சுற்றுள்ள செல்லைச் சொல்லிவிடுவது நல்லது. ஒரு சிக்கல்: அந்தச் சுற்றும் மேற்குமிழும் சேர்ந்து நீளம் 68 முதல் 70 மில்லிமீற்றர் வரை போகும். கணினியின் பற்றரிப் பிடியை முதலில் அளந்து சொல்லுங்கள். இறுக்கித் திணித்தால் மேலுறை கிழியும்.

அந்த உறை வெறும் அழகுக்கல்ல. செல்லின் உடம்பு முழுவதுமே எதிர்முனை. நேர்முனை மூடியின் ஓரத்திலிருந்து ஓரிரு மில்லிமீற்றர் தள்ளியே எதிர்முனை தொடங்குகிறது. அங்கே உறை கிழிந்தால் பிடியின் தகடு பட்டாலே ஷோட் ஆகிவிடும். தட்டையாக வைத்தால் 30 மில்லிமீற்றர் அகலமுள்ள சுருங்கு குழாய் வாங்கி, நேர்முனையைச் சுற்றியுள்ள வெள்ளைக் காப்பு வளையத்தையும் மாற்றிப் போட்டால் சரி. உடம்பு நசுங்கியிருந்தால் திருத்தப் பார்க்காதீர்கள்.

பழைய மடிக்கணினிப் பற்றரி மலிவு. ஆறு செல் உள்ள பொதியில் பெரும்பாலும் ஒரு சோடிதான் செத்திருக்கும். பிளாஸ்ரிக் கூட்டை அதன் பொருத்தில் நெம்பித் திறவுங்கள். கத்தியை உள்ளே இறக்க வேண்டாம். நிக்கல் பட்டியை ஒவ்வொன்றாக உரித்தெடுங்கள், இரண்டை ஒரே வெட்டில் வெட்டினால் பொறி பறக்கும். பிறகு மல்ரிமீற்றர். 2 வோல்ற்றுக்குக் கீழே கிடந்த செல்லை எழுப்ப முயலக்கூடாது. உள்ளே செப்புத் தகடு கரைந்து, மறுபடி ஏற்றும்போது ஊசிபோல் படிந்து உள்ளேயே ஷோட் ஆகும். உடனே ஒன்றும் நடக்காமல் இருக்கலாம். சில வாரம் கழித்து, சார்ஜில் இருக்கும்போது நடக்கலாம். ஆபத்தே அதில்தான்.

எந்த வழியில் வந்த செல்லாக இருந்தாலும் கணினிக்குள் போகுமுன் ஒரு சோதனை: 0.5 அம்பியரில் 4.2 வரை ஏற்றுங்கள். இடையில் கையில் சூடு தெரிந்தால் கழியுங்கள். ஏற்றிய செல்லை ஒரு கிழமை சும்மா வைத்து அளந்தால் 4.15க்குக் கிட்ட நிற்க வேண்டும், 4.1க்குக் கீழே இறங்கியது வேண்டாம். லிற்றோகாலா லீ-500 போன்ற சார்ஜர் கொள்ளளவையும் அளந்து காட்டும். எழுதியதில் 80 வீதம் கூட இல்லாவிட்டால் ரோச்சுக்கு விடுங்கள்.

இரண்டு செல்லும் நேர்முனையோடு நேர்முனை, எதிர்முனையோடு எதிர்முனை சேர்ந்து பக்கமாக இணையும் கணினியில் இன்னோர் ஆபத்து இருக்கிறது. ஒன்று 4.2இலும் மற்றது 3.6இலும் நிற்கப் போட்டால், இரண்டின் உள்தடையும் தொடுப்புகளும் சேர்ந்து 0.1 ஓம் என்று வைத்தாலும், 6 அம்பியர் ஒன்றிலிருந்து மற்றதற்குப் பாயும். இரண்டும் ஒரே வகை, ஒரே வயதாக, வேறுபாடு 0.05 வோல்ற்றுக்குள் இருக்க வேண்டும். கூட்டல் குறியை இரண்டு தரம் பார்த்துப் போடுங்கள்.

வீட்டுச் சோலாரின் 12 வோல்ற் கட்டுப்படுத்தியிலிருந்து செல்லுக்கு நேரே வயர் இழுக்கவே கூடாது. அது 14 வோல்ற் தாண்டி ஏற்றும். நடுவில் 5 வோல்ற் யூஎஸ்பி மாற்றி, அதன் பின் டிபி4056 என்ற லித்தியம் செல் சார்ஜ் பலகை. அதில் மின்னோட்டத்தைத் தீர்மானிக்கும் தடை 1.2 கிலோ ஓம் என்றால் 1 அம்பியர். 2 கிலோ ஓம் போட்டால் 0.58. பழைய செல்லுக்கு இரண்டாவதே ஏற்றது.

சார்ஜ் ஏற்றும்போது செல் 45 பாகைக்கு மேல் போகக்கூடாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் இதைத் தாண்டுவது பெரிய விடயமல்ல. இருட்டின பிறகோ விடியவோ, சீமெந்து நிலத்தில், பாயும் துணியும் தள்ளியிருக்க, ஆள் விழித்திருக்கும்போது ஏற்றுங்கள். சில மாதம் பாவிக்காமல் வைப்பதானால் 3.7 அல்லது 3.8 வோல்ற்றில் நிறுத்தி வையுங்கள்.

கழித்த செல் வளவில் குப்பை கொளுத்தும் குழிக்குப் போகக்கூடாது, வெடிக்கும், புகையும் நஞ்சு. இரு முனையிலும் ரேப் ஒட்டி, மணல் நிரப்பிய தகரத்தில் பிள்ளைகள் கை எட்டாத இடத்தில் சேர்த்து வையுங்கள். மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடம் தகரத்தோடு கொடுக்கலாம்.