நடந்துகொண்டே பதில் சொல்லட்டும்

வீட்டில் வயதான அப்பாவோ அம்மாவோ இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். கூட நடக்கும்போது ஏதாவது கேட்டால் நடந்துகொண்டே பதில் சொல்கிறார்களா, இல்லை நின்றுவிட்டுச் சொல்கிறார்களா? 1997-இல் ஸ்வீடனில் முதியோர் குடியிருப்பு ஒன்றில் இதைத்தான் பார்த்தார்கள். பேச்சுக் கொடுத்ததும் நின்றுவிட்டவர்களில் பெரும்பாலோர் அடுத்த ஆறு மாதத்துக்குள் கீழே விழுந்தார்கள். நடைக்கும் கவனம் வேண்டும், யோசனைக்கும் வேண்டும், வயதாக ஆக இரண்டுக்கும் சேர்த்துப் பற்றாமல் போகிறது. அதனால் சேர்த்தே பழக்குவது நல்லது.

முதலில் உட்கார்ந்தபடி. அசையாத நாற்காலியைச் சுவரோரம் போட்டு (பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், வேண்டாம்), முழங்காலை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டே தமிழ் மாதங்களைப் பங்குனியிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். சித்திரையில் ஆரம்பித்தால் வாய் தானாக ஒப்பித்துவிடும், மூளைக்கு வேலையே இருக்காது. இது சுலபமானதும் கெட்டியான எதையாவது பிடித்து நின்று, குதிகாலைத் தூக்கி இறக்கிக்கொண்டே 100-லிருந்து மும்மூன்றாகக் கழிக்கலாம்.

அப்புறம் நடை. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டிகள் வராது, ஆனால் மாலையில் கூட்டம் இடிக்கும் என்பதால் நான் காலையைத்தான் சொல்வேன். கடலூர்க்காரர்கள் தேவனாம்பட்டினத்தில் மணலில் இறங்காமல் சமதரையில் நடக்கட்டும். காலமெல்லாம் கடலூர் பஸ்ஸில் போய்வந்தவராக இருந்தால், "அப்பா, அரியாங்குப்பத்திலிருந்து ஒரு ஊர் விட்டு ஒரு ஊர் சொல்லுங்க" என்று கேளுங்கள். தவளக்குப்பத்தைத் தாண்டிக் கிருமாம்பாக்கம் என்று சொல்வதற்குள் நன்றாகவே யோசிக்கவேண்டியிருக்கும். அம்மாவிடம் 'க' வரிசைக் காய்கள்: கத்தரி, கொத்தவரை, கோவை...

இங்கே பதிலைவிடக் காலைப் பாருங்கள். தப்பாகச் சொன்னால் பரவாயில்லை, திருத்த வேண்டாம். நடை லேசாகத் தளர்ந்தால் சுலபமான கேள்விக்கு மாறுங்கள், நின்றேவிட்டால் அன்றைக்குக் கேள்வியை விட்டுவிட்டு நடை மட்டும் போதும். பலவீனமான பக்கத்தில் அரை அடி பின்னால் நீங்கள் நடக்கவேண்டும், கையில் போன் இல்லாமல். எழுந்ததும் தலைசுற்றுகிறவர்கள், ஏற்கெனவே விழுந்தவர்கள் டாக்டரையோ பிசியோதெரபிஸ்டையோ கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கவேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சியும், மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் சொல்கிறது. அதில் தினம் பத்து நிமிடத்துக்குக் கேள்வியைச் சேர்த்தால் சரி. ஒரே கேள்வி சீக்கிரம் மனப்பாடமாகிவிடும், மாற்றிக்கொண்டே இருங்கள். பேரப்பிள்ளைகளைக் கேட்கவிட்டால் இன்னும் நல்லது.