கால்குலஸ் கணக்கில் எந்த முறையைப் போடுவது? முதலாண்டு மாணவர்களுக்கான பயிற்சி முறை

வகுப்பில் புரிகிறது, பயிற்சிக் கணக்கும் வருகிறது, வினாத்தாளைக் கையில் வாங்கினால் மட்டும் எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. முதலாண்டில் பலருக்கும் இதுதான் சிக்கல். ‘பிரதியிடல் முறை’ (ஒரு கோவைக்குப் பதில் ஒற்றை எழுத்தை வைத்துத் தீர்ப்பது) என்ற தலைப்பின் கீழ் வரும் கணக்குகளுக்கெல்லாம் வழியைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. தேர்வில் அந்தத் தலைப்பு இருக்காது. அதனால் முறையைக் கண்டுபிடிக்கவே தனியாகப் பழக வேண்டும்.

படி 1: பழைய பாக்கியைத் தீருங்கள்

பின்னம், அடுக்கு விதிகள், முக்கோணவியல் முற்றொருமைகள் மூன்றையும் முதல் வாரத்திலேயே திருப்பிப் பாருங்கள். √(எக்ஸ்² + 9) என்பதை எக்ஸ் + 3 என்று எழுதி மார்க்கை இழப்பவர்கள் ஏராளம். எக்ஸுக்கு 4 போட்டுப் பாருங்கள்: முதலாவது 5, இரண்டாவது 7. சந்தேகம் வந்தால் இப்படி ஓர் எண்ணைப் போட்டுப் பார்ப்பதே போதும்.

படி 2: மூடி வைத்துப் போடுங்கள்

தீர்த்த கணக்கை வாசித்தால் எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கும். நோட்டை மூடிவிட்டு வெள்ளைத்தாளில் போடுங்கள். நின்றுவிட்டால் 10 நிமிடம் முயலுங்கள். பிறகு அடுத்த ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு மறுபடி மூடுங்கள். அதே கணக்கை 3 நாள் கழித்து இன்னொரு முறை போடுங்கள்.

படி 3: முறையை மட்டும் எழுதுங்கள்

அதிகப் பலன் தருவது இந்தப் பயிற்சிதான். வெவ்வேறு பாடங்களிலிருந்து 10 தொகையீடுகளை (இன்டெக்ரல்) கலந்து ஒரு தாளில் எழுதுங்கள். தீர்க்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடத்தில் முறையையும், ஏன் அந்த முறை என்பதையும் எழுதுங்கள். இந்த மூன்றைப் பாருங்கள்:

எக்ஸ் சைன்(எக்ஸ்²): உள்ளே இருக்கும் எக்ஸ்²-ஐ வகையிட்டால் (டிஃபரென்ஷியேட் செய்தால்) 2எக்ஸ், வெளியே எக்ஸ் தயாராக இருக்கிறது. ஆகவே பிரதியிடல்.

எக்ஸ் சைன் எக்ஸ்: அப்படி உள்ளே எதுவும் இல்லை. பகுதித் தொகையிடல் (பெருக்கலில் ஒரு பகுதியைத் தொகையிட்டு, மற்றதை வகையிடுவது), ஒரு முறை.

எக்ஸ்² சைன் எக்ஸ்: அதே வழி, இரண்டு முறை.

பார்வைக்கு மூன்றும் அண்ணன் தம்பி மாதிரி, வழி வேறு. வாரம் இரண்டு தாள் போட்டுவந்தால் கண் பழகிவிடும்.

படி 4: விடையை வகையிட்டுப் பாருங்கள்

எக்ஸ் சைன் எக்ஸுக்கு விடை சைன் எக்ஸ் − எக்ஸ் காஸ் எக்ஸ். அதை வகையிட்டால் தொடங்கிய இடத்துக்கே வரவேண்டும். வராவிட்டால் பெரும்பாலும் குறிதான் தப்பியிருக்கும்.

வரையறுத்த தொகையீட்டில் பிரதியிட்டதும் எல்லைகளையும் மாற்றுங்கள். 2எக்ஸ்(எக்ஸ்² + 1)³-ஐ 0 முதல் 2 வரை தொகையிட, எக்ஸ்² + 1 = யு என்று வைத்தால் எல்லைகள் 1, 5; விடை 156. பழைய 0, 2-ஐயே வைத்தால் 4 வரும்.

படி 5: பிழை நோட்டு

தப்பான வரி, சரியான வரி, காரணம் ஆகிய மூன்றையும் எழுதிவையுங்கள். தேர்வுக்கு முந்தைய நாள் புதுக் கணக்கைத் தொடாமல் இந்த நோட்டைப் புரட்டுங்கள்.