மறதி நோய் உள்ள கணவர் வேட்டியை நனைத்துவிடுகிறாரா? வீட்டில் சமாளிக்கும் முறை

நேற்றுவரை ஒழுங்காகப் போய்வந்தவர் திடீரென்று நனைக்க ஆரம்பித்தால் டயப்பர் வாங்க ஓடாதீர்கள், முதலில் டாக்டர். சிறுநீர்த் தொற்று, ஏறிய சர்க்கரை, புராஸ்டேட் வீக்கம், புதிதாக ஆரம்பித்த மாத்திரை என்று சரிசெய்யக்கூடிய காரணங்கள் நிறைய உண்டு. வயதானவர்களுக்குத் தொற்று வந்தால் காய்ச்சல்கூட இல்லாமல் குழப்பம் மட்டும் கூடலாம். மலம் தண்ணீராகக் கசிந்தாலும் நீங்களாகப் பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுக்காதீர்கள், உள்ளே இறுகிக் கிடக்கும் மலத்தைச் சுற்றிக்கொண்டும் அப்படிக் கசியும்.

அதெல்லாம் இல்லை, மறதி நோயால்தான் என்று தெரிந்துவிட்டதா? சரி, ஒரு மூன்று நாள் குறித்துவையுங்கள். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் போதும்: எப்போது காபி, எப்போது போனார், எப்போது நனைந்தது. பார்த்தாலே அவருடைய நேரம் பிடிபடும். அதற்குக் கால் மணி முன்னால் கூட்டிப்போங்கள். ஒன்றும் பிடிபடவில்லை என்றால் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, தூங்கப்போகும் முன் ஒருமுறை. காலைப் பலகாரம் முடிந்த கையோடு குடல் தானாக அசையும், மலத்துக்கு உட்காரவைக்க அதுதான் நல்ல நேரம்.

இதில் முக்கியம் கூப்பிடும் விதம். "ஏங்க, பாத்ரூம் வருதா?" என்றால் "இல்லை"தான் பதில், அந்தக் கேள்வியே அவருக்குப் பிடிபடாது, பிடிபட்டாலும் கூச்சம். கேட்காதீர்கள், "வாங்க, கைகால் கழுவிட்டு வந்துடுவோம்" என்று கையை நீட்டுங்கள். முரண்டு பிடித்தால் இழுக்காமல் பத்து நிமிஷம் கழித்து மறுபடி. வேட்டி முடிச்சைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது, எழுந்து எழுந்து உட்காருவது, கொல்லைப்பக்கம் எட்டிப் பார்ப்பது, இதெல்லாம் அவர் வாயால் சொல்ல முடியாத 'வருது'.

அப்புறம் வழி. நம் டெல்டா பக்கத்துப் பழைய வீடுகளில் கக்கூஸ் கொல்லைக் கோடியில் இருக்கும், ராத்திரி கூடம் முற்றம் எல்லாம் தாண்டி அவர் போய்ச்சேருவதற்குள் ஆகிவிடும், இல்லாவிட்டால் முற்றத்து ஜலதாரையிலேயே போய்விடுவார். அது வீம்பில்லை, இடம் குழம்புகிறது. மூலையில் கிடக்கும் வாளி, குப்பைக்கூடையை எடுத்துவிடுங்கள். கட்டிலோரம் ஒரு கமோடு நாற்காலி போடுங்கள், தஞ்சாவூர் கும்பகோணம் சர்ஜிகல் கடைகளில் கிடைக்கும், கூடவே விடிய விடிய எரிய ஒரு சின்ன விளக்கு. வெள்ளை டைல்ஸில் வெள்ளைக் கமோடு சிலர் கண்ணுக்குப் பிரிந்து தெரியாது, கலர் சீட் மாட்டினால் தெரியும். முடிச்சு அவிழ்க்கத் தடுமாறினால் ஒட்டிக்கொள்ளும் வேட்டிக்கு மாறுங்கள்.

தண்ணீரைக் குறைப்பதுதான் எல்லாரும் செய்கிற காரியம், வேண்டவே வேண்டாம். சிறுநீர் கெட்டியானால் சிறுநீர்ப்பை எரிச்சலாகி இன்னும் அடிக்கடி வரும், மலமும் இறுகும். பகலில் தாராளமாகக் கொடுத்துவிட்டு, சாயங்காலக் காபியை மட்டும் நிறுத்துங்கள். நீர் பிரியும் மாத்திரை இருந்தால் காலையிலேயே கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

டயப்பர் ராத்திரிக்கும் வெளியே போகும்போதும் இருக்கட்டும். நடப்பவருக்கு ஜட்டி மாதிரி மாட்டுவது, படுத்தே இருப்பவருக்கு டேப் ஒட்டுவது. படுக்கையில் ரப்பர் ஷீட், மேலே மடித்த பழைய பருத்தி வேட்டி. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் துணி காயாது, நாலு செட் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். நனைந்ததும் கழுவி, தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஜிங்க் ஆக்சைடு களிம்பை மெல்லிசாகத் தடவுங்கள், பவுடர் ஈரத்தில் கட்டிதட்டும். அழுத்திப் பார்த்தும் வெளுக்காத சிவப்பு இருந்தால் படுக்கைப்புண் ஆரம்பிக்கிறது, அந்தப் பக்கம் பாரம் படாமல் திருப்பிப் படுக்கவைத்து, நர்ஸிடமோ டாக்டரிடமோ காட்டுங்கள். தரையில் சிறுநீர்மேல் நேராக பிளீச்சிங் பவுடரைக் கொட்டாதீர்கள், கெட்ட புகை வரும், முதலில் தண்ணீர் விட்டு அலசுங்கள். பழைய டயப்பரைப் பேப்பரில் சுற்றிக் குப்பைக்குப் போடுங்கள், தயவுசெய்து வாய்க்காலில் வேண்டாம்.

ஆளைத் தூக்க முடியாத நிலை வந்தால் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' பற்றிக் கேளுங்கள். 2021இல் தமிழக அரசு தொடங்கிய திட்டம், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பார்ப்பதும் பிசியோதெரபியும் அதில் உண்டு. முதியோருக்கான உதவி எண் 14567.