சிமெண்ட் சாக்கில் பனங்கிழங்கு: முதல் தடவை போடுகிறவர்களுக்கு

பொங்கலுக்கு முந்தின வாரம் மதுரையில் கரும்பும் மஞ்சள் கொத்தும் விற்கிற இடமெல்லாம் பனங்கிழங்குக் கட்டும் வந்துவிடும். அதை வீட்டிலேயே போடலாம். தோட்டம் வேண்டாம், ஒரு பழைய சிமெண்ட் சாக்கும் வெயில் படுகிற மூலையும் இருந்தால் போதும்.

முதலில் கொட்டை. ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் தானாக விழும், மேலூர்ப் பக்கம் கண்மாய்க் கரையில் காலையில் போனால் வாசனையே இடத்தைக் காட்டிக்கொடுக்கும். ஒரு பழத்தில் பெரும்பாலும் மூன்று கொட்டை இருக்கும், சிலதில் ஒன்றோ இரண்டோதான். சதையைச் சுட்டுத் தின்றுவிட்டு, கொட்டையை எடுத்து வையுங்கள். தண்ணீரில் போட்டு மிதக்கிறதைத் தள்ளிவிடுங்கள்.

அடுத்து மண், இதில்தான் எல்லாமே இருக்கிறது. பனங்கொட்டை மற்ற விதை மாதிரி மேலே முளைக்காது. முளை முதலில் கீழே இறங்கும், இறங்கிய இடத்தில்தான் கிழங்கு திரளும். கடற்கரைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு மணல் அதுவாகவே வழிவிடும். நம் ஊர்ச் செம்மண் அப்படி இல்லை. முதல் வருடம் நான் சமதரையில் புதைத்துவிட்டு, தையில் கடப்பாரை போட்டுத் தோண்டினேன், பாதிக் கிழங்கு ஒடிந்தே வந்தது. அதனால் மணல் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு கலந்து, சாக்கில் ஒன்றரை அடிக்குக் குறையாமல் நிரப்புங்கள். அடியில் நாலைந்து ஓட்டை போட மறக்க வேண்டாம், தண்ணீர் தேங்கினால் கொட்டை அழுகிவிடும்.

மேலே பத்துப் பன்னிரண்டு கொட்டையை நெருக்கிப் படுக்க வைத்து, நாலு விரல் மண் மூடுங்கள். எந்தப் பக்கம் வைப்பது என்று குழம்ப வேண்டாம், முளை தானாகக் கீழே திரும்பிக்கொள்ளும். ஈரம் காயாமல் தண்ணீர் தெளித்தால் போதும், ஐப்பசி மழை வந்தால் அந்த வேலையும் இல்லை.

நடுவில் ஒரு கொட்டையை எடுத்து அரிவாளால் பிளந்து பாருங்கள். உள்ளே வெள்ளையாக, பஞ்சு மாதிரி, இனிப்பாக ஒன்று இருக்கும், அதுதான் தவுன். பிள்ளைகள் இதற்கே சண்டை போடுவார்கள். நாள் ஆக ஆக அது சக்கையாகிவிடும்.

மூன்றரை, நாலு மாதத்தில் சாக்கைக் கிழித்துச் சாயுங்கள், ஒடியாமல் முழுசாக வரும். மண்ணுக்கு மேலே ஓலை விரியும்வரை விட்டால் நார் ஏறிவிடும், அதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும்.

கழுவி, உப்பும் மஞ்சள்தூளும் போட்டு, குக்கரில் ஆறு விசில். தோலை உரித்து நீளவாக்கில் பிளந்தால் இரண்டாகப் பிரியும், நடுவில் இருக்கிற குருத்தை இழுத்துப் போட்டுவிட்டு, துண்டு துண்டாக ஒடித்து ஓரத்து நாரை உரியுங்கள். மிளகு, பூண்டு, உப்பு இடித்துத் தொட்டுச் சாப்பிட்டால் அதற்கு ஈடு கிடையாது.

சரி, சாக்கில் போட்டதுபோக மீதி இருக்கிற கொட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே சொல்லிவிட்டார்கள், ஆனால் புதிதாக நடுகிற கைகள் குறைவு. மழைக்கு முன்னால் கண்மாய்க் கரையில் பத்தடிக்கு ஒன்றாக, அரையடி ஆழத்தில் நேராகவே புதைத்துவிடுங்கள். சாக்கில் முளைத்ததைப் பிடுங்கி நட்டால் பிழைப்பது கஷ்டம். ஆணா பெண்ணா என்பது பாளை விடும்போதுதான் தெரியும், அதற்குப் பதினைந்து வருடம்கூட ஆகலாம், அதனால் ஒன்றோடு நிறுத்தாமல் ஒரு வரிசையாகவே போடுங்கள்.