ரயில் விபத்துக்குப் பிறகு பாடத்தைத் தொலைக்கும் தவறுகள்

1988 டிசம்பர் 12 அன்று காலை, லண்டன் கிளாபம் சந்திப்புக்கு அருகே ஒரு ரயில் இன்னொன்றின் பின்னால் மோதி 35 பேர் இறந்தார்கள். காரணம் ஒரு பழைய வயர். சிக்னல் வேலையில் கழற்றிய வயரை வெட்டி, முனையில் டேப் சுற்றி ஒதுக்கியிருக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் விட்டதால் அது மறுபடி பழைய இடத்தையே தொட்டது. முன்னால் ரயில் நின்றுகொண்டிருந்தும் சிக்னல் சிவப்புக்கு மாறவில்லை. விசாரணை 93 பரிந்துரைகளைத் தந்தது. வேலையைச் செய்தவரல்லாத இன்னொருவர் வயர்களைச் சரிபார்ப்பது, முழுமையான சோதனை, வேலை நேரத்துக்கு வரம்பு என்று பலவும் விதியாயின.

2017 ஆகஸ்ட் 15 அன்று, அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள வாட்டர்லூ நிலையத்தில் ஒரு பயணிகள் ரயில் தடம் மாறிப் போய், நின்றிருந்த பராமரிப்பு ரயிலில் மோதியது. வேகம் குறைவு என்பதால் யாருக்கும் பெரிய காயம் இல்லை. சோதனைக்காகச் சேர்த்த தற்காலிக வயரிங் முறையான கட்டுப்பாட்டுக்குள் இல்லாததால், தவறான நிலையில் இருந்த பாயின்டை (ரயிலை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் அமைப்பு) கருவிகள் காட்டிக்கொடுக்கவில்லை. கிளாபத்தின் பாடங்கள் துறையின் நினைவிலிருந்து மங்கி வருகின்றனவோ என்று புலனாய்வு அறிக்கை கவலைப்பட்டது.

இடையில் ஓடியது ஏறக்குறைய 29 வருடம். கிளாபம் காலத்தில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் ஓய்வுக்குப் போய்விட்டிருப்பார்கள். விதிகள் மட்டும் புத்தகத்தில் இருந்தன.

முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. விதியை எழுதிவிட்டால் பாடம் பத்திரமாகிவிட்டது என்று நினைக்கிறோம். எதற்காக வந்தது என்று தெரியாத விதி, புதிதாகச் சேர்ந்தவருக்கு ஒரு படிவம்தான். ரயிலை அனுப்ப நேரமாகிறது, மேலிருந்து போன் வருகிறது என்றால் முதலில் வெட்டுப்படுவது அந்தப் படிவம். வயரை இன்னொருவர் எண்ணிப் பார்க்க வேண்டும் என்ற வரிக்குப் பக்கத்திலேயே, அப்படி எண்ணாததால் கிளாபத்தில் என்ன ஆனது என்று நாலு வரி இருந்தால் அதைத் தாண்டிப் போவது கொஞ்சம் கஷ்டம். ஜப்பானின் ஜேஆர் ஈஸ்ட் நிறுவனம் ஒரு படி மேலே போய், விபத்தில் சிதைந்த பெட்டிகளையே பயிற்சி மையத்தில் வைத்து ஊழியர்களுக்குக் காட்டுகிறது.

அடுத்தது, ஆளைப் பிடித்ததும் விசாரணைக் கோப்பை மூடுவது. கிளாபத்தில் வயரை விட்டவர் யார் என்று தெரிந்ததோடு விசாரணை நின்றிருந்தால், 13 வாரத்தில் அவருக்குக் கிடைத்த விடுமுறை ஒரே ஒரு நாள் என்பது வெளியே வந்திருக்காது. பல வருடங்களாக அவர் அப்படித்தான் வேலை செய்தார், யாரும் திருத்தவில்லை என்பதும்தான். பிரிட்டனில் 2005 முதல் இயங்கும் ரயில் விபத்துப் புலனாய்வுப் பிரிவு யார் குற்றவாளி என்று சொல்வதே இல்லை. அது போலீஸ், நீதிமன்ற வேலை. இரண்டும் தனித்தனியாக நடக்க வேண்டும் என்பதே என் கட்சி. கைதாகும் பயம் இருக்கும் அறையில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

இந்தியாவில் விபத்துகளை விசாரிக்கும் ரயில்வே பாதுகாப்பு ஆணையம் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. பலருக்கு இது வேடிக்கையாகத் தெரியும். ஆனால் ரயிலை ஓட்டுபவரே தன்னை மேற்பார்வை செய்துகொள்ளக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான் அதற்குக் காரணம்.

நம் ஊர்ப் பொது நினைவும் ஆட்களைச் சுற்றியே ஓடுகிறது. 1956-ல் மெகபூப்நகர் அருகே ஒரு பாலம் இடிந்து ரயில் கவிழ்ந்தது. மூன்று மாதத்துக்குள் அரியலூரில் மருதையாற்று வெள்ளத்தில் அதே கதை. அப்போது ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியது எல்லோருக்கும் தெரியும். இரண்டு பாலங்களும் ஏன் வெள்ளத்தைத் தாங்கவில்லை என்று கேட்டால் பதில் சொல்பவர்கள் குறைவு.

ஆனால் எனக்கு மிகக் கனமாகப் படுவது, சேதமில்லாத பிழையைச் சின்ன விஷயமாக ஒதுக்குவதுதான். 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாஹநாகா பஜார் நிலையத்தில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனுக்கான பச்சை சிக்னல் விழுந்தது. பாயின்ட், ரயில்கள் ஒதுங்கி நிற்கும் பக்கத் தடமான லூப் லைனைக் காட்டியது. நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதி, 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிக்னல் சர்க்யூட்டில் முன்பு செய்த மாற்றத்திலும், லெவல் கிராசிங் கேட்டில் அன்று நடந்த வேலையிலும் பிழை இருந்ததாக ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை சொன்னது. அதே அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது: அதே காரக்பூர் கோட்டத்தின் வேறொரு நிலையத்தில் 2022 மே மாதமே தவறான வயரிங்கால் இதேபோல் ஒரு சம்பவம் நடந்திருந்தது. அப்போதே சரிசெய்திருந்தால் இந்த விபத்தைத் தவிர்த்திருக்கலாம். அன்று யாரும் சாகவில்லை என்பதால் அது செய்தி ஆகவில்லை, அவ்வளவுதான். அப்படி ஒரு பிழை தெரிந்தால், அங்கே மட்டும் திருத்திவிட்டு நகராமல், அதே வகை வேலை நடந்த எல்லா நிலையங்களிலும் அதே வாரத்தில் பார்க்க வேண்டும்.

அறிவை வெளியே கொடுத்துவிடுவது இன்னொரு வகை. 2000 அக்டோபரில் பிரிட்டனின் ஹாட்ஃபீல்டில் விரிசல் விட்ட தண்டவாளம் ஓடும் ரயிலின் அடியில் நொறுங்கி 4 பேர் இறந்தார்கள். விரிசல் முன்பே தெரியும், மாற்றுத் தண்டவாளமும் வந்து கிடந்தது. பாதையின் உரிமையாளரான ரயில்ட்ராக், பராமரிப்பை ஒப்பந்ததாரர்களிடம் விட்டிருந்தது. இதே விரிசல் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று அதனால் உறுதியாகச் சொல்ல முடியாததால், நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் ரயில்கள் ஊர்ந்தன. ஒரு வருடத்தில் நிறுவனமே திவாலானது. பின்னால் வந்த நெட்வொர்க் ரெயில் பராமரிப்பைத் தன் கைக்கே எடுத்துக்கொண்டது. ஒப்பந்தம் கொடுப்பது தவறில்லை. ஆனால் ஒப்பந்ததாரர் சொல்வது சரியா என்று கேட்கத் தெரிந்த இன்ஜினியர் உள்ளே இருக்க வேண்டும்.

பரிந்துரைப் பட்டியலில் ‘முடிந்தது’ என்று குறிப்பது எப்போது என்பதும் முக்கியம். சுற்றறிக்கை அனுப்பியதும் முடிந்துவிடுவதில்லை. ஒரு வருடம் கழித்து யாராவது இரவு ஷிப்டில் நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும்.

அப்புறம், ஓய்வு பெறுபவரிடம் கடைசி வாரத்தில் ஒரு படிவத்தை நீட்டிப் பயனில்லை. சில மாதங்கள் முன்பே ஒரு இளையவரை அவரோடு லைனுக்கு அனுப்பலாம். கேட்க வேண்டிய கேள்விகளும் குறிப்பாக இருக்கட்டும்: எந்த ரிலே அறையில் (சிக்னல் கருவிகள் இருக்கும் அறை) வரைபடமும் வயரிங்கும் ஒத்துப்போகவில்லை, எந்தப் பாலத்தில் மழைக்குப் பிறகு முதலில் கால் வைத்துப் பார்ப்பீர்கள், எந்த வேலையை ஒருபோதும் அவசரத்தில் செய்ய விடமாட்டீர்கள். வரும் பதில்களை அந்தந்த இடத்தின் பதிவேட்டிலேயே எழுதி, வரைபடத்தையும் அப்போதே திருத்திவிட வேண்டும்.